கிருஷ்ணகிரியில் ‘முதல் உலகப் போர் ஹெல்மெட்’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

27,500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் தலைக்குள் இந்த எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெங்களூரு போகிற ரோட்டில், பழைய மரச் சாமானும் பித்தளை விளக்கும் விற்கிற கடை. பெயர் போடவில்லை. தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி ஊறுகாய் ஜாடி பார்க்கத்தான் போனேன். சுவரில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு இரும்பு ஹெல்மெட் தொங்கியது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் பிராடி வகை. பதினோரு வருஷமாக இதையெல்லாம் சேர்க்கிறவன், கை சும்மா இருக்குமா?

கடைக்காரர் டீ வரவழைத்தார். டிராயரிலிருந்து பழுப்பேறிய போட்டோ ஒன்றை எடுத்தார். “எங்க தாத்தா சார். மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளம். 1914-ல பிரான்ஸ் போனப்ப போட்டிருந்தது இதுதான்.” சொல்லும்போது குரல் கம்மியது. பிராடி என்பவர் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியதே 1915-ல். 1914-ல் பிரிட்டிஷ் படையில் யாருக்கும் இரும்புத் தொப்பி கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

சட்டைப் பையில் சின்னக் காந்தம் எப்போதும் வைத்திருப்பேன். ஹாட்ஃபீல்டு எஃகில், அதாவது மாங்கனீஸ் கலந்த எஃகில், செய்த பிராடியில் காந்தம் ஒட்டாது. 1915 கடைசியிலேயே அந்த எஃகுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்தத் தாத்தாவின் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு காந்தத்தை எடுக்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அங்கேயே போனில் 27,500 அனுப்பினேன்.

ராத்திரி வீட்டில் காந்தத்தை வைத்தேன். டக். உதறினாலும் விழவில்லை. உள்ளே உச்சியில் திருகாணி, தாடைக்கு ஸ்பிரிங் வைத்த கேன்வாஸ் வார். முதல் உலகப் போர் காலத்து முதல் ரகத்தில் ரிவெட்டும் தோல் வாரும்தான் இருக்கும். இது 1938-ல் வந்த இரண்டாம் ரகத்துச் சமாச்சாரம். விளிம்பின் அடியில் முத்திரை தேடினால் புதுப் பெயின்ட். துருகூடப் பூசியதுதான், நகத்தில் வந்தது.

திங்கள்கிழமை போன் செய்தேன். “பழசுக்கு அப்புறமா உள்பாகம் மாத்தினாங்க சார்.” அது உண்மைதான், பழைய ஓட்டில், அதாவது வெளி இரும்புக் கிண்ணத்தில், புது உள்பாகம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஓடு என்றால் காந்தம் எப்படி ஒட்டும்? “மிலிட்டரி இரும்பு, ஒட்டத்தான் சார் செய்யும்.” செவ்வாய்க்கிழமை: “ஓனர் ஊர்ல இல்ல.” ஞாயிறு வரை அவர்தான் ஓனர்! புதன்கிழமை நேரில் போனேன். டீ இல்லை. பில்லைப் படிக்கச் சொன்னார். ‘அலங்காரப் பொருள் - 1. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ டிராயர் திறந்திருந்தது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்டு தாத்தாக்கள் ஒரு கட்டு.

27,500-க்கு ஆயுசுக்கும் தோத்தாபுரி மாம்பழம் வாங்கியிருக்கலாம் என்கிறாள் மனைவி. பதில் இல்லை.

அசல் எது, போலி எது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. காந்தத்தைக் கடைக்காரர் எதிரிலேயே வையுங்கள். வெறும் ஓட்டுக்கும், அசல் உள்பாகமும் வாரும் இருப்பதற்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள். ஜெர்மன் ஹெல்மெட் என்றால் பக்கவாட்டுச் சின்னத்தை நம்பவே வேண்டாம், புதிதாக ஒட்டி விற்கிறார்கள். ‘முதல் உலகப் போர்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் கடை என்று கேட்டு மெசேஜ் போடாதீர்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.