பிரமாணப் பத்திரமா, பேரவைக் குறிப்பா? ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்க்கையை எழுத எதை நம்புவது

தமிழ்நாட்டு அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் முன்னால் இரண்டு ஆவணங்கள் நிற்கும். ஒன்று, வேட்புமனுவோடு படிவம் 26-ல் அவர் கொடுத்த பிரமாணப் பத்திரம். மற்றது, அவையில் அவர் பேசியதையும் கேட்டதையும் சுருக்கெழுத்தாளர்கள் குறித்து அச்சேற்றிய பேரவை நடவடிக்கைக் குறிப்பு. நேரம் குறைவாக இருந்து, ஒன்றைத்தான் முழுதாகப் படிக்க முடியும் என்றால் நான் எடுப்பது பேரவைக் குறிப்பை.

பிரமாணப் பத்திரத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்தல் ஆணையத் தளத்தில் பெயரையும் தொகுதியையும் போட்டால் கிடைத்துவிடும். படிப்பு, வழக்குகள், வருமானம், சொத்து, கடன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தெரிந்தே பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆனால் இரண்டு தேர்தல்களின் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். மொத்தத் தொகை மூன்று மடங்கானால் மூன்று மடங்கு சம்பாதித்தார் என்று அர்த்தமில்லை. அசையாச் சொத்துப் பகுதியில் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா இல்லையா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய உத்தேச மதிப்பு என்று தனித்தனியே கேட்கப்பட்டிருக்கும். சர்வே எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். அதே நிலம் இரண்டு பத்திரத்திலும் இருந்தால் கூடியது மதிப்பு மட்டும்தான். புதிய சர்வே எண் வந்து, வாங்கிய தேதி பதவிக் காலத்துக்குள் விழுந்தால்தான் அது எழுத வேண்டிய செய்தி. சொந்தமாகச் சம்பாதிக்கும், பெற்றோரைச் சார்ந்திராத பிள்ளைகளின் சொத்து இந்தப் படிவத்துக்குள் வரவே வராது. படிவமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. குற்ற வழக்குக்கும் சொத்துக்கும் தனித்தனியாக இருந்த பத்திரங்கள் 2012-ல் ஒன்றாயின. ஐந்து ஆண்டு வருமான விவரமும் வெளிநாட்டுச் சொத்தும் 2019-ல்தான் சேர்ந்தன. 2006-ஐயும் 2021-ஐயும் நேராகப் பொருத்தினால், முன்பு கேட்கப்படாத ஒன்றை அவர் மறைத்ததாக எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

இவற்றையெல்லாம் கவனமாக இருந்து சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது காலம். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகுதான் இந்த வழக்கமே வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத் தேர்தல்களில் 2006-தான் முதல். மு. கருணாநிதி 1957 குளித்தலையிலிருந்து 2016 திருவாரூர் வரை 13 முறை பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பொதுத் தேர்தலுக்கான பிரமாணப் பத்திரங்கள் அதில் கடைசி மூன்று முறைக்கு மட்டுமே உண்டு. காமராஜர் 1954-ல் முதலமைச்சராகி, குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று உறுப்பினராகி, 1963 வரை ஆண்டதற்கு ஒரு தாள்கூடக் கிடையாது. பேரவைக் குறிப்போ இந்தக் காலம் முழுதும் தொடர்ந்து ஓடுகிறது. பத்திரம், வேட்புமனு போட்ட அன்றைய நிலவரம். அடுத்த ஐந்து ஆண்டு அந்த மனிதர் என்ன செய்தார் என்பது குறிப்பில்தான் இருக்கிறது.

அதைப் படிக்கும் முறை முக்கியம். பேச்சை எடுத்த எடுப்பில் வாசிக்காதீர்கள், வினா-விடை நேரத்திலிருந்து தொடங்குங்கள். தொகுதியில் ஓர் ஆற்றுப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் கேட்கிறார், “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று பதில் வருகிறது. பக்கத்தைக் குறித்துக்கொண்டு, துறைகள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கை விவாதத்துக்குப் போங்கள். அவர் அதே பாலத்தை மறுபடி எழுப்பினாரா? அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா? அந்தத் துறை தன் திட்டங்களைச் சொல்லி அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் பாலத்தின் பெயர் வந்ததா? கடைசியாக அரசாணை. பணிக்கு அனுமதி தரும் நிர்வாக ஒப்புதல் அரசாணையின் தேதி அவர் பதவிக் காலத்துக்குள் இருந்தால், பாலத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று துணிந்து எழுதலாம். ஒரே முறை கேட்டு விட்டுவிட்டவரையும் நான்கு ஆண்டு விடாமல் துரத்தியவரையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சங்கிலிதான். வேறெந்த ஆவணத்திலும் அது இல்லை.

ஆளுங்கட்சி உறுப்பினரின் மானியக் கோரிக்கைப் பேச்சில் முதல் பக்கங்கள் தலைமைக்கு நன்றியாக இருக்கும். தொகுதிக் கோரிக்கைகள் பெரும்பாலும் கடைசியில் வரிசையாக வரும், அங்கே நின்று படியுங்கள். அமைச்சரானவரை எடைபோட வேறு அளவுகோல் வேண்டும். அவர் கேள்வி கேட்பதில்லை, முதல் பதிலைத் துறை தயாரித்துக் கொடுத்திருக்கும். அதைத் தொடர்ந்து அவையில் எழும் துணைக் கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்று பாருங்கள். துறையை அறிந்தவரா, தாளைப் பார்த்துப் படிப்பவரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பேரவைத் தலைவர் நீக்கிய சொற்கள் அச்சில் இருக்காது. ஒரு பக்கம் திடீரென்று தொடர்பில்லாமல் போனால் அதுவே காரணமாக இருக்கலாம். பேரவைத் தலைவராக இருந்தவரின் கட்சி அரசியலை இதில் தேடிப் பயனில்லை. அரசின் கணக்கையும் செலவையும் ஆராயும் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு ஆகியவற்றில் ஒருவர் உழைத்தது பேச்சில் தெரியாது, அந்தக் குழு அறிக்கைகளைத் தனியே எடுக்க வேண்டும். 1986-ல் கலைக்கப்பட்ட மேலவையில் மட்டும் இருந்தவர்களுக்கு இந்தத் தொகுதிக் கோரிக்கைச் சங்கிலி அவ்வளவாக உதவாது என்றே நினைக்கிறேன். 1969 சனவரிக்கு முந்திய குறிப்புத் தொகுப்புகளைத் தமிழ்நாடு என்ற பெயரில் தேடாமல், சென்னை மாநிலம் என்ற பெயரில் தேடுங்கள். உறுப்பினரின் இனிஷியல் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். அதனால் பெயரோடு தொகுதிப் பெயரையும் சேர்த்தே சரிபாருங்கள். 2008 தொகுதி மறுவரையறையில் எல்லைகள் மாறி, சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. “அதே தொகுதியில் மூன்றாவது வெற்றி” என்று எழுதுமுன் அது உண்மையிலேயே அதே ஊர்கள்தானா என்று பார்த்துவிடுங்கள்.

பிரமாணப் பத்திரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. வழக்கு எண், நீதிமன்றம், பிரிவு என்று துல்லியமாகத் தருவது அதுதான். அவைப் பேச்சில் வழக்கு பற்றி வருவது இரு தரப்பின் வாதம் மட்டுமே. வழக்குக்கும் சொத்துக்கும் பத்திரத்தை எடுத்து, தாக்கல் செய்த தேதியைப் போட்டு எழுதுங்கள். மற்றதற்கெல்லாம் பேரவைக் குறிப்பின் தொகுப்பு எண், கூட்ட நாள், பக்கம் மூன்றையும் அப்போதே குறித்துவிடுங்கள். நாள் மட்டும் எழுதி வைத்தால், ஒரே நாளில் நடந்த வினா-விடை, கவன ஈர்ப்பு, மானிய விவாதம் மூன்றிலும் மறுபடி தேட வேண்டியிருக்கும்.