48 நாடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட: கொடி சார்ட்டா, குளோப்பா, சாப்பாடா?

2022-ல் நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கிய வாரம், புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் உலக நாடுகளின் கொடிகள் போட்ட சார்ட் ஒன்றை வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அண்ணன் மகனுக்கு அப்போது எட்டு வயது, என் மகளுக்கு நாலு. ஒரே வாரத்தில் பையன் இருபத்தைந்து கொடிகளைக் கடகடவென்று சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஐயாவைக் கூப்பிட்டு ஒப்பிக்க வைத்தேன். அவர் சும்மா இருக்காமல், "செனகல் எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

"சார்ட்ல அஞ்சாவது வரிசை."

இந்த 2026 உலகக் கோப்பையில் 32 அணி என்பது 48 ஆகிவிட்டது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 104 ஆட்டங்கள். அதனால் இந்தத் தடவை எந்த வழி வேலை செய்கிறது என்று முன்னாலேயே வீட்டில் பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொன்றாக முயன்றேன்.

முதலில் அந்தச் சார்ட்டுக்கே ஒரு வாய்ப்பு. ஐந்து, ஆறு வயதுக்குக் கொடியை விட நல்லது எதுவும் இல்லை. நிறம் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஐவரி கோஸ்ட் கொடியைப் பார்த்துவிட்டுச் சின்னவள், "நம்ம கொடியை நட்டமா நிக்க வெச்சுட்டாங்க, சக்கரத்தையும் காணோம்" என்றாள். அது ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. அதையே திருப்பிப் போட்டால் அயர்லாந்து. இப்படி ஒரு மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஓடாது, நிறத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு கோளாறு, பையன் கண்டுபிடித்தது. "இங்கிலாந்து கொடி எங்க அத்தை?" சார்ட்டில் பிரிட்டன் கொடிதான் இருக்கிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கால்பந்தில் தனித்தனி அணி. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1863-ல் தொடங்கியது, ஸ்காட்லாந்தினுடையது 1873-ல். உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபா பிறந்ததே 1904-ல்தான். முன்னாலேயே தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்களை அப்புறம் வந்தவர் எப்படி ஒன்றாக்க முடியும்? குராசோ கதை இன்னும் சிக்கல். கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவு முதல் முறையாகத் தகுதி பெற்றிருக்கிறது, ஆனால் தனி நாடு இல்லை. நெதர்லாந்து முடியரசுக்குள் 2010 முதல் தன்னாட்சியோடு இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடம் எப்படி நெதர்லாந்தோடு சேரும் என்று கேட்டான். "ஏனாம் ஆந்திராவுக்குள்ள இருக்கு, மாஹே கேரளாவுக்குள்ள இருக்கு, ரெண்டும் நம்ம புதுச்சேரிதானே?" என்றேன். முழுசாகச் சரியான ஒப்புமை இல்லைதான். ஆனால் வரைபடத்தில் ஒட்டாமலே ஒன்றாக இருக்கலாம் என்பது இந்த ஊர்ப் பிள்ளைக்கு உடனே புரிகிறது.

அடுத்து குளோப். சார்ட்டை விட விலை பல மடங்கு, மேசையில் இடம் வேறு பிடிக்கும். ஆனால் வாங்கிய அன்றே காசு தேறிவிட்டது. தொடக்க ஆட்டம் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும், மெக்சிகோ நகரத்தில் மதியம் 1 மணிக்கு. நமக்கு நள்ளிரவு 12.30. ஏன் என்று சின்னவள் கேட்டாள். விளக்கை அணைத்து, டார்ச்சைக் குளோப்பின் ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன். புதுச்சேரியில் ஒரு பொட்டு ஒட்டினோம், கிழக்கே கிட்டத்தட்ட 80 டிகிரி. மெக்சிகோ நகரம் மேற்கே 99. கூட்டினால் 179. அதாவது உருண்டையின் முகத்தில் நாம் இருந்தால் முதுகில் அவர்கள். பொட்டில் வெளிச்சம் பட்டால் மெக்சிகோ இருட்டு. மெல்லத் திருப்பினால் அங்கே விடிகிறது, இங்கே பொட்டு மறைகிறது. பத்து நிமிடம் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பாடம் இது. அன்று டார்ச் யாரும் அடிக்கவில்லை.

குளோப்பின் குறை, சின்ன நாடுகள். குராசோ, கேப் வெர்டி இரண்டும் சின்னவளின் விரல் நகத்துக்கு அடியில் மறைந்துவிடுகின்றன.

சாப்பாட்டு வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு முழுக்க நின்று மெக்சிகோக்காரர்களின் டாக்கோ செய்தேன். "மடிச்ச சப்பாத்தி" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதே நாளில், மிளகாயே மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததுதான், போர்த்துக்கீசியர் கொண்டுவரும் முன் நம் ஊரில் காரத்துக்கு மிளகுதான் என்று சும்மா சொன்னது நன்றாகப் பதிந்துவிட்டது. உலகத்திலேயே அதிகமாகக் கோகோ விளைவது ஐவரி கோஸ்ட்டில் என்பதும் அப்படித்தான். இப்போது சாக்லேட் கேட்கும்போது காரணமாக அதைச் சொல்கிறார்கள். சமைப்பதை விட, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துப் பேசுவது மலிவு.

ஆட்டத்தையே பார்க்க வைத்தால் என்ன? 2022-ல் அது எளிது. அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என்று கவிழ்த்த ஆட்டம் நம் நேரப்படி பிற்பகல் 3.30-க்குத் தொடங்கியது. பையன் பள்ளியிலிருந்து வந்து யூனிஃபார்மோடு கடைசிப் பாதியைப் பார்த்தான். "பெரியப்பா இருக்கிற சவூதியா இது?" என்று கேட்டான். தம்மாமிலிருந்து அன்றிரவே பெரியப்பாவின் குரல் வந்தது: "டேய், நாளைக்கு இங்க லீவு விட்டுட்டாங்கடா!" மன்னரே அறிவித்த விடுமுறை. அந்த ஒரு குரல் பதிவு சார்ட்டின் எல்லா வரிசைகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு, கேட்டால் சொல்வார்கள். ஆனால் இந்த முறை பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு இரவிலும் விடிகாலையிலும் வருகின்றன. காலையில் பால் குடிக்கும்போது ஹைலைட்ஸ், அவ்வளவுதான் முடியும்.

என் ஓட்டு கடைசி வழிக்கு. ஆளுக்கு ஒரு நாடு, அதை மட்டும். 48-ஐயும் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம்.

பையன் பிரான்ஸ்தான் கேட்டான். அந்த அணியில் ஆடும் எம்பாப்பே ஒரு காரணம். இந்த ஊரில் பிரான்ஸ் கட்சிக்கு வேறு காரணமும் வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம் உண்டு. நான் விடாப்பிடியாக அதே பிரிவில் இருக்கும் செனகலைக் கொடுத்தேன். முகம் தொங்கிப்போனது. 2002-ல் முதல் முறை உலகக் கோப்பைக்கு வந்த செனகல், தொடக்க ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் பிரான்ஸை 1-0 என்று தோற்கடித்ததைச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்தான். அப்புறம் துணிக் கதை. புதுச்சேரியில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய 'கினே' என்ற துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் செனகலுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணிதான் காசு. அதைக் கொடுத்து வேலம் பிசின் வாங்கினார்கள். "நம்ம ஊர்த் துணி அங்க ரூபாயா?" என்று இரண்டு தடவை கேட்டான். அங்கே மீனும் நொய்யரிசியும் சேர்த்து ஆக்கும் சோறுதான் தேசிய உணவு என்றபோது, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல் தலையாட்டினான்.

அவனாகவே நோட்டில் ஒரு பட்டியல் போட்டான், பிரான்ஸிடமிருந்து எந்த அணி எப்போது விடுபட்டது என்று. ஹைட்டி 1804. மொராக்கோ, துனிசியா 1956. செனகல், ஐவரி கோஸ்ட் 1960. அல்ஜீரியா 1962. கடைசி வரியில் 'நாம்' என்று எழுதிவிட்டு, 1954 போடுவதா 1962 போடுவதா என்று கேட்டான். ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பெரியவர்களே இரண்டு நாளையும் கொண்டாடுகிறோம் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டான்.

சின்னவள் குராசோவை எடுத்தாள், நீலக் கொடியில் இரண்டு நட்சத்திரம் இருக்கிறது என்பதற்காக. அங்கே மொத்தமே ஒன்றரை லட்சம் பேர்தான். 2011 கணக்கில் கடலூர் நகரத்தில் மட்டும் 1.73 லட்சம். அங்கே மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஆயாவுக்குப் போன் போட்டு, "உங்க ஊரை விடச் சின்னது, ஜெர்மனியோட மோதுது" என்று சொல்லியாகிவிட்டது.

சார்ட் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஓரத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் குராசோவுக்கும் ஸ்கெட்ச் பேனாவால் கொடி வரைந்து ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே ஏனாமுக்கும் ஒன்று. அது எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம்.