ஐசியுவில் இனி பலனில்லை என்றான பிறகு: ஒரே படுக்கை, ஐந்து வழிகள்

ஒப்பிடுவதற்கு ஒரு படுக்கையை எடுத்துக்கொள்வோம். எழுபது தாண்டியவர். பல வருடச் சர்க்கரை, ஏற்கெனவே பாதி பழுதான சிறுநீரகம், நிமோனியா முற்றி ரத்தத்தில் தொற்று. வென்டிலேட்டரில் 12-ஆம் நாள். பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தான நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே போகிறது, அதே வேலைக்கு வாசோபிரசினும் ஓடுகிறது. சிறுநீர் இல்லை, டயாலிசிஸ் போட்டால் பிரஷர் தாங்கவில்லை. கண் திறக்கவில்லை.

இந்திய ஐசியுக்களில் இந்தப் படுக்கைக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாச் சிகிச்சையையும் தொடர்வது, கெடு வைத்துத் தொடர்வது, இருப்பதோடு நிறுத்தி மேலே எதுவும் கூட்டாமலிருப்பது, கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்புவது, மருத்துவமனையிலேயே முறைப்படி கருவிகளை விலக்குவது. இவற்றை டாக்டர் பக்கமிருந்து ஒப்பிட்டவர்கள் நிறைய. ஆனால் எந்த வழியானாலும் அதைக் கையால் செய்வது செவிலியர்தான். அதனால் ஒவ்வொரு வழியிலும் இரவு இரண்டு மணிக்கு அவர் கையில் என்ன உத்தரவு இருக்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

முதலில் ‘பயனற்ற’ என்ற சொல். முந்தைய 100 நோயாளிகளில் பலன் தராத சிகிச்சையைப் பயனற்றது எனலாம் என்று 1990-இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் முன்வைக்கப்பட்டது. நோயாளியை நிரந்தர நினைவிழப்பில் வைத்திருக்க மட்டுமே உதவும் சிகிச்சையையும் அதே கட்டுரை அந்தப் பட்டியலில் சேர்த்தது. 2015-இல் அமெரிக்க, ஐரோப்பியத் தீவிர சிகிச்சைச் சங்கங்கள் கூடி அந்தச் சொல்லைச் சுருக்கின. உடலியல் நோக்கமே நிறைவேறாது என்றால் மட்டும் ‘பயனற்றது’, மற்றவை ‘பொருந்தாததாக இருக்கக்கூடியவை’ என்றன. இது வெறும் சொல் விளையாட்டில்லை. நம் படுக்கையில் நார்அட்ரினலின் வேலை செய்கிறது, பிரஷர் ஏறுகிறது. அது மருந்தாகப் பயனற்றதல்ல. ஏறிய பிரஷரை வைத்து இவர் என்ன வாழ்வுக்குத் திரும்புவார் என்பதே கேள்வி. அதற்கு விடை லேப் ரிப்போர்ட்டில் கிடைக்காது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும் தொடர்வது

உத்தரவு தெளிவாக இருப்பது இந்த வழியின் ஒரே நன்மை. மணிக்கொரு முறை அளவுகள், சர்க்கரைக்கு விரல் குத்தல், ரத்த வாயுப் பரிசோதனைக்குத் தமனியில் ஊசி, சக்‌ஷன், இரண்டு மணிக்கொரு முறை புரட்டல். செவிலியர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் உடல் ஒத்துழைக்காது. அதிக அளவு நார்அட்ரினலின் தோலுக்கும் விரல்களுக்கும் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும். விரல் நுனி கறுக்கும், புரட்டப் புரட்டவே இடுப்பில் படுக்கைப்புண் விழும். புண்ணைப் பார்த்து நர்சிங்கைக் குறை சொல்வதற்கு முன் மருந்து அளவைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் இதயம் நின்றால் சிபிஆர். மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100–120 தடவை அழுத்த வேண்டும். முதிய உடலில் விலா முறிவது சகஜம். உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்று, அதன் முடிவாக நின்ற இதயம் மருந்துகள் உச்சத்தில் ஓடும்போதே நின்றது; அழுத்தித் திரும்பக் கிடைப்பது அரிது. இது தெரிந்து சிலர் பெயருக்கு மெதுவாக நாலு அழுத்து அழுத்துவார்கள். அந்த நாடகத்துக்கு எந்த நியாயமும் இல்லை. சிபிஆர் வேண்டுமென்றால் முழுதாகச் செய்ய வேண்டும், வேண்டாமென்றால் எழுதி வைக்க வேண்டும்.

‘மகன் துபாயிலிருந்து வந்து சேரட்டும்’ என்று குடும்பம் கேட்டால் இந்த வழி நியாயமானது. ஆனால் விமானம் இறங்கும் நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அதுவரை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். தேதியில்லாத காத்திருப்பில் இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிடும்.

கெடு வைத்துத் தொடர்வது

எங்கள் பார்வையில் பெரும்பாலான படுக்கைகளுக்கு முதலில் எடுக்க வேண்டிய வழி இது. முழுச் சிகிச்சைதான், ஆனால் நாளும் அடையாளங்களும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். நம் நோயாளிக்கு உதாரணமாக: ‘72 மணி நேரத்துக்குள் நார்அட்ரினலின் பாதியாகக் குறைய வேண்டும், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்க வேண்டும், மயக்க மருந்து நிறுத்தியபின் சொன்னதைச் செய்ய வேண்டும். வியாழன் மாலை 4 மணிக்குக் குடும்பத்தோடு அடுத்த பேச்சு.’ மூன்று நான்கு அடையாளங்கள் போதும். பத்து வைத்தால் ஏதாவது ஒன்று தேறித் தொலைக்கும். எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

கெடு உடைவது பெரும்பாலும் ஆள் மாறும்போது. திங்கள்கிழமை புதிதாக ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ‘இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே’ என்றால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். கெடுவும் அடையாளங்களும் ஷிஃப்ட் ஒப்படைப்பில் முதல் வரியாக இருந்தால் இது குறையும்.

இன்னொரு கண்ணி மயக்க மருந்து. சிறுநீரகம் வேலை செய்யாதபோது மிடசோலமின் வளர்சிதைப் பொருள் உடம்பில் தேங்கி, நிறுத்திப் பல நாள் ஆனாலும் தூக்கம் தெளியாமல் வைத்திருக்கும். ‘கண் திறக்கவில்லை’ என்று கை விரிப்பதற்கு முன், கடைசியாக எந்த மருந்து எப்போது ஓடியது என்ற கணக்கைச் செவிலியரின் சார்ட்டிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதயம் நின்று மீண்டவர்களுக்கு இன்னும் கறாரான விதி உண்டு. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 72 மணி நேரத்துக்கு முன் மூளை பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகும் ஒரே சோதனையை நம்பக் கூடாது. கண்மணி ஒளிக்குச் சுருங்காமலும் கருவிழியைத் தொட்டால் இமை மூடாமலும் இருப்பது, மூளை அலைப் பதிவு மிக மோசமாக இருப்பது, ஸ்கேனில் மூளை முழுக்கப் பாதிப்பு தெரிவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வர வேண்டும்.

மேலே எதுவும் கூட்டாமலிருப்பது

குடும்பத்துக்கும் டாக்டருக்கும் மனசு ஆறுவது இதில்தான். எதையும் பிடுங்கவில்லை, கூட்டவும் இல்லை. அதனாலேயே அதிகம் நடப்பதும் இதுவே; மிகக் குழப்பமாக நடப்பதும் இதுவே.

‘எஸ்கலேட் பண்ண வேண்டாம்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், இரவு பிரஷர் 60-க்கு இறங்கும்போது சிஸ்டர் என்ன செய்வார்? ஓடும் நார்அட்ரினலினை ஏற்றுவது கூட்டுவதா, தொடர்வதா? சிரிஞ்ச் தீர்ந்தால் அடுத்தது போடலாமா? ஹீமோகுளோபின் இறங்கினால் ரத்தம் ஏற்றலாமா? மூச்சு டியூப் வெளியே வந்துவிட்டால் திரும்பப் போடுவதா? இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆம், இல்லை என்று எழுதப்பட வேண்டும், மருந்துகளுக்கு உச்ச அளவு உட்பட. சிபிஆர் வேண்டாம் என்பதற்கு 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது சிபிஆருக்கு மட்டும்தான். அந்தத் தாளில் கையெழுத்தானதும் வலி மருந்தையும் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை.

இந்த வழியில் சாவு நாள்கணக்கில் இழுக்கும். அந்த நாட்களில் பழைய பழக்கமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்: சர்க்கரை பார்ப்பது, காலை ரத்த மாதிரி, எக்ஸ்ரே. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நடக்கிறது. எந்த முடிவையும் மாற்றாத பரிசோதனைக்காக வீங்கிய கையில் நரம்பு தேடுவது நோயாளிக்கு மட்டுமல்ல, தேடுகிறவருக்கும் வதை. சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் நிறுவனம் தடுக்கும்போது செவிலியருக்கு வரும் இந்த மனவதையை 1984-லேயே தனியாக அடையாளம் காட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு

‘மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார்’ என்ற முத்திரையோடு போவது. காசு தீர்ந்து போகிறவர்கள் ஒரு பக்கம். வீட்டில்தான் உயிர் பிரிய வேண்டும் என்று போகிறவர்கள் இன்னொரு பக்கம். மருத்துவமனையே ஜாடையாகச் சொல்லி அனுப்புவதும் உண்டு. ஆலோசனை சொன்னதே அவர்கள். மீறியதாகக் கையெழுத்துப் போடுவது குடும்பம். சட்டப் பயம்தான் காரணம்.

ஐந்தில் மிக மோசமானது இதுதான். ஐசியு வாசலில் சிரிஞ்ச் பம்ப்பைக் கழற்றும்போதே வலி மருந்தும் மயக்க மருந்தும் நின்றுவிடும். ஆம்புலன்சில் டியூபோடு ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. வீட்டுத் திண்ணையில் டியூபை எடுப்பது பெரும்பாலும் டிரைவரோ உதவியாளரோதான். டியூபை உள்ளே பிடித்து வைத்திருக்கும் சிறு பலூனின் காற்றை இறக்காமல் இழுத்தால் குரல்வளை கிழியும். அதன்பின் மூச்சுத் திணறினால் கொடுக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குத்தான் என்று குடும்பம் உறுதியாக இருந்தால், அதை ‘மீறி வெளியேறல்’ ஆக்காமல் சாந்த சிகிச்சை (வேதனையைக் குறைப்பதே நோக்கமான சிகிச்சை) டிஸ்சார்ஜாகச் செய்ய முடியும். வேண்டியவை அதிகமில்லை. பயண நேரத்துக்கு ஆக்சிஜன் கணக்கு: பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் போதும், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போதாது. ஆம்பு பையை ஆறு நொடிக்கு ஒரு தடவை அழுத்த வேண்டும். பதற்றத்தில் எல்லாரும் வேகமாக அழுத்துவார்கள். டியூபை எடுக்கத் தெரிந்த செவிலியர் கூடப் போக வேண்டும். தோலடி ஊசி ஒன்று முன்பே பொருத்தி, வலி மருந்து மருத்துவர் சீட்டோடு போக வேண்டும். உள்ளூரில் சாவுச் சான்றிதழ் யார் தருவார் என்பதும் கிளம்பும் முன்பே பேசப்பட வேண்டும்.

முறைப்படி விலக்குவது

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் இதை அனுமதித்தது. அப்போது வைத்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கல்: 20 ஆண்டு அனுபவ நிபுணர்கள், கலெக்டர் அமைக்கும் குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தினார்கள். இப்போது முதல் குழுவில் சிகிச்சை தரும் டாக்டரும், 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும். இரண்டாம் குழுவில், முதல் குழுவில் இல்லாத இரு நிபுணர்களும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம், செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அவ்வளவுதான். தாமதமாவது அந்த நியமன டாக்டரிடம். மருத்துவமனை முன்பே எழுதி அவர் பெயரை வாங்கி வைத்திருக்காவிட்டால் நோயாளி காத்திருப்பார்.

மூளைச்சாவு வேறு கணக்கு, இதோடு குழப்பக் கூடாது. 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும்.

விலக்கும் நாளில் வரிசை முக்கியம். தசை தளர்த்தும் மருந்து ஓடியிருந்தால் அதன் விளைவு முழுதும் போனபிறகே தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் திணறல் வெளியே தெரியாது. முதலில் உணவு, பரிசோதனைகள், டயாலிசிஸ், ஆன்டிபயாடிக். பிறகு பிரஷர் மருந்துகள், கடைசியில் வென்டிலேட்டர். நம் நோயாளியைப் போல அதிக நார்அட்ரினலினில் இருப்பவர் அதை நிறுத்திய சில நிமிடங்களிலேயே போகலாம். எனவே குடும்பம் படுக்கை அருகே வந்த பிறகே கை வைக்க வேண்டும். ‘டீ குடித்துவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

டியூபை உடனே எடுப்பதா, வென்டிலேட்டரைப் படிப்படியாகக் குறைப்பதா என்பது பிரஷர் நன்றாக இருந்து மூளை மட்டும் போனவர்களிடம்தான் பெரிய கேள்வி. பிரான்சில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. மூன்று மாதத்துக்குப் பின் குடும்பத்தின் மன பாதிப்பில் வித்தியாசமில்லை. ஆனால் உடனே எடுத்தவர்களுக்கு மூச்சுவழி அடைப்பும் விக்கி இழுக்கும் மூச்சும் அதிகம். சளி நிறைய இருந்தாலோ, நாக்கு வீங்கியிருந்தாலோ படிப்படியாகக் குறைப்பதே எங்கள் தேர்வு: முதலில் ஆக்சிஜனை 21 சதவீதத்துக்கும், பீப்பை (மூச்சு விட்ட பின்னும் நுரையீரலில் மெஷின் நிறுத்தும் அழுத்தம்) 5-க்கும் இறக்கி, பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் தரும் அழுத்த உதவியைக் குறைப்பது. ஒவ்வொரு படியிலும் திணறல் தெரிந்தால் மருந்து கொடுத்து, அடங்கிய பின் அடுத்த படி. 15 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் அப்போது டியூபை எடுக்கலாம். பல நாள் டியூபில் இருந்தவருக்குச் சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் தொண்டை வீக்கச் சத்தம் குறையும்.

திணறலைக் கண்ணால் எடை போடாமல் எண்ணால் போடலாம். எட்டு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2: நாடி, மூச்சு வேகம், அமைதியின்மை, வயிறும் மார்பும் எதிரெதிராக ஏறுவது, கழுத்துத் தசை, முனகல், மூக்குச் சிறகு விரிவது, பயந்த முகம். மொத்தம் 16, மூன்று வந்தாலே மருந்து. மார்ஃபின் 2 முதல் 5 மி.கி. நரம்பு வழி, தேவைப்பட்டால் 10–15 நிமிடத்தில் மறுபடி. நம் நோயாளிக்குச் சிறுநீரகம் இல்லாததால் மார்ஃபின் தேங்கும். ஃபென்டனில் 25 முதல் 50 மைக்ரோகிராம் நல்லது. கூடவே மிடசோலம் 1–2 மி.கி. மருந்துக்கு உச்ச வரம்பு திணறல் அடங்குவதுதான். ஆனால் ஒவ்வொரு டோஸுக்கும் காரணம் எழுத வேண்டும். தொண்டையில் சளிச் சத்தத்துக்கு கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. அது புதிதாகச் சுரப்பதைத்தான் குறைக்கும், தேங்கியதை வற்ற வைக்காது. அதனால் முன்பே போட வேண்டும். ஆழ சக்‌ஷன் வேண்டாம், பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

மானிட்டர் திரையைப் படுக்கையருகே அணைத்துவிட வேண்டும். ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். வாய் ஈரம், கண்ணுக்கு ஜெல், சுத்தமான துணி, யூரின் டியூப் இவை தொடரும். புரட்டுவது மணிக்கணக்கில் இல்லை, வசதிக்கு. துளசி தீர்த்தமோ, பாலோ, ஜம்ஜம் தண்ணீரோ தர விரும்பினால் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லலாம். ஸ்பூனில் ஊற்ற விட்டால் மூச்சுக்குழலுக்குள் போகும். பாதிரியார் வருவதென்றால் பிரஷர் மருந்தை நிறுத்துவதற்கு முன் வர வேண்டும்.

டியூப் எடுத்த பிறகும் சிலர் மணிக்கணக்கில், அரிதாக நாள்கணக்கில் மூச்சு விடுவார்கள். இதைக் குடும்பத்திடம் முன்னாலேயே சொல்லாவிட்டால் ‘டாக்டர் சொன்னது தப்பு, திரும்ப மெஷின் போடுங்க’ என்று நள்ளிரவில் கலவரமாகும். சில மணி நேரம் நிலையாக இருந்தால் தனி அறைக்கு மாற்றலாம். ஆனால் மருந்து சீட்டும், திணறல் எண்ணும், யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்ற குறிப்பும் நோயாளியோடு போக வேண்டும். வார்டில் ஒரு செவிலியருக்கு இருபது படுக்கை என்றால் மாற்றாமல் ஐசியுவிலேயே திரை போட்டு வைத்துக்கொள்வதுதான் மேல்.