மூன்று மானிட்டர்களும் ஒரு பச்சைப் புள்ளியும்: மூன்று ஆண்டு அனுபவம்

என் மேசையில் மூன்று மானிட்டர்கள். நடுவில் இருப்பது வேலைக்கு. இடப்பக்கம் இருப்பதை நெட்டுக்குத்தாகத் திருப்பி, ஆவணம் வாசிக்க வைத்திருக்கிறேன். வலப்பக்கத்துச் சிறிய திரையில் அலுவலக அரட்டைச் செயலி எந்நேரமும் திறந்தே கிடக்கும். இந்த ஏற்பாட்டுக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் ஓராண்டு என்னை அலைக்கழித்தது ஒரே விஷயம்தான்: நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் இருக்கிறேன் என்று காட்ட என் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி, இடத்தில் இல்லை என்று சொல்லும் மஞ்சளாகிவிடும்.

தொடக்கத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் பிற்பகல், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் என்னிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்க நாற்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார். "அண்ணா, நீங்கள் இடத்தில் இல்லை என்று காட்டியது. வந்ததும் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார். அந்த நாற்பது நிமிடமும் நான் இடப்பக்கத் திரையில் அவர் எழுதிய வடிவமைப்பு ஆவணத்தைத்தான் வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தேன். மனம் மிகவும் சங்கடப்பட்டது. அன்றைக்கே இதன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் மானிட்டர்கள் மீதுதான் விழுந்தது. அரட்டைச் சாளரம் ஒரு திரையில், நான் வேலை பார்ப்பது இன்னொரு திரையில். அதனால்தான் செயலிக்கு என்னைத் தெரியவில்லை என்று நம்பினேன். முதன்மைத் திரையை மாற்றிப் பார்த்தேன், சாளரத்தை நடுத் திரைக்கு இழுத்து வந்தேன், ஒரு கேபிளைக்கூட மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை.

உண்மையில் மானிட்டர்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கடைசியாகக் கீபோர்டையோ மவுஸையோ எப்போது தொட்டோம் என்பதை விண்டோஸ் மில்லிசெகண்டு கணக்கில் குறித்து வைத்திருக்கிறது. மேக் கணினியும் இதே வேலையை நானோசெகண்டு கணக்கில் செய்கிறது. இந்தக் கணக்கு நாம் நுழைந்திருக்கும் அமர்வு முழுமைக்கும் பொதுவானது. எந்தத் திரையில், எந்தச் சாளரத்தில் என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. கணினியில் நிறுவப்பட்ட அரட்டைச் செயலி கேட்பது இந்தப் பொதுக் கணக்கை. ஆகவே மூன்று திரை இருந்தாலும் ஆறு திரை இருந்தாலும், எங்கே தட்டினாலும் அது தட்டியதாகத்தான் பதிவாகும்.

அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் மஞ்சள்? நான் செயலியை நிறுவவே இல்லை, பிரவுசரில் ஒரு டேபாகத் திறந்து வைத்திருந்தேன். பிரவுசருக்குள் இருக்கும் ஒரு பக்கத்துக்குத் தன் எல்லைக்குள் நடப்பது மட்டுமே தெரியும். நடுத் திரையில் நான் மணிக்கணக்காகத் தட்டச்சு செய்தாலும், வலப்பக்கத்து டேபைப் பொறுத்தவரை யாரும் அதைத் தொடவில்லை. குரோம் 2021-இல், 94-ஆம் பதிப்பில், கணினி சும்மா இருக்கிறதா என்பதை அனுமதி பெற்று இணையப் பக்கம் தெரிந்துகொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எந்த இணையதளமோ நான் மேசையில் இருக்கிறேனா என்று வேவு பார்ப்பதைவிட, அலுவலகச் செயலியை முறையாக நிறுவிக்கொள்வது மேல். அன்றே நிறுவினேன். பாதித் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் மேசைக்கு அடியில் இருந்தது. என்னிடம் இரண்டு கணினிகள்: அலுவலக லேப்டாப் ஒன்று, பெரிய வேலைகளை ஓட்டுவதற்கு இன்னொன்று. ஒரே கீபோர்டையும் மவுஸையும் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு கேவிஎம் சுவிட்ச் வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தியதும் கீபோர்டு அந்தப் பக்கம் போய்விடும். அரட்டைச் செயலி இருக்கும் லேப்டாப்புக்கு அந்த நொடியிலிருந்து கை இல்லை. அலுவலக அரட்டைச் செயலிகளில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் நிலையை மாற்றிவிடும். ஸ்லாக் பத்து நிமிடம் பொறுக்கும். பெரிய கணினியில் அரை மணி நேரம் மும்முரமாக வேலை செய்தால் லேப்டாப் மஞ்சளாவதில் வியப்பே இல்லை. கைப்பேசியில் செயலியைத் திறந்து வைத்தால் சரியாகும் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் கைகொடுக்காது. செயலி பின்னணிக்குப் போனதும் கைப்பேசி வழியான இருப்பும் போய்விடும்.

இதற்குக் கண்ட தீர்வு எளியது, இரண்டு ஆண்டுகளாக நன்றாகவும் ஓடுகிறது. சுவிட்சைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியில் இருந்தபடி இன்னொன்றை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, லேப்டாப்பிலிருந்தே பெரிய கணினிக்குள் போகிறேன். விசை ஒவ்வொன்றும் முதலில் லேப்டாப்பில் விழுந்துதான் அங்கே போகிறது. அதனால் அரட்டைச் செயலிக்கு நான் இருப்பது தெரிகிறது. தலைகீழாகச் செய்தால் வேலைக்கு ஆகாது: அரட்டை தொலைவில் உள்ள கணினியில் ஓட, நாம் உள்ளூர்த் திரையில் வேலை பார்த்தால் அந்த அமர்வு தூங்கிக்கொண்டிருக்கும். செயலி எப்போதும் கை படும் கணினியில் இருக்க வேண்டும்.

பல மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நுணுக்கம் பயன்படும். ரிமோட் டெஸ்க்டாப்பில் எல்லாத் திரைகளையும் பயன்படுத்து என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் அரட்டை இருக்கும் சிறிய திரையையும் அது விழுங்கிவிடும். பச்சை இருக்கும், வரும் செய்திகளைப் பார்க்க வழி இருக்காது. இணைப்பு விவரத்தைச் சேமித்த ஆர்டிபி கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து, எந்தெந்தத் திரை வேண்டும் என்று திரை எண்களை எழுதிவிடலாம். நான் இடப்பக்கத்தையும் நடுவையும் மட்டும் அதற்குக் கொடுத்திருக்கிறேன். வலப்பக்கம் எப்போதும் லேப்டாப்புக்கே சொந்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். விண்டோஸுக்கான பவர்டாய்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள அவேக் என்ற கருவியும், மேக்கில் உள்ள கஃபினேட் கட்டளையும் கணினி தூங்காமல் பார்த்துக்கொள்பவை. நீண்ட வேலை ஓடும்போது இரண்டும் அருமையானவை, அவேக்கை இன்றும் பயன்படுத்துகிறேன். கணினி விழித்திருப்பது வேறு, கீபோர்டில் கை படுவது வேறு. திரை எரிந்துகொண்டே இருக்கும், கடைசியாகத் தொட்ட நேரம் மாறாது, என் லேப்டாப்பில் புள்ளி மஞ்சளாகத்தான் ஆனது.

மவுஸைத் தானாக அசைக்கும் கருவியையும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். சுழலும் சிறு தட்டின் மீது மவுஸை வைத்தால், அடியில் உள்ள ஒளி உணரி அதை அசைவாக எடுத்துக்கொள்ளும். புள்ளி ஒரு கணமும் மாறவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் அதை நிறுத்த மறந்து சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரே ஆளிடமிருந்து நான்கு செய்திகள். அவசர வேலை, நான் பச்சையாக இருந்ததால் வேறு யாரிடமும் கேட்காமல் எனக்காகக் காத்திருந்தார். மஞ்சளாக இருந்திருந்தால் வேறொருவரிடம் போயிருப்பார். அன்று அதை எடுத்து உள்ளே வைத்தவன் பிறகு தொடவில்லை. திரை பூட்டாமல் திறந்து கிடக்கும் என்பது தனி ஆபத்து. யுஎஸ்பியில் செருகும் வகையாக இருந்தால் புதிய சாதனம் ஒன்று சேர்ந்திருப்பது நிறுவனத்தின் கண்ணில் படும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கிய செய்தி பரவலாக வெளிவந்தது. என்னிடம் யார் கேட்டாலும் இந்தக் கருவி வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் ஒன்று வந்தது. திரைகள் தூங்கி எழும்போது டிஸ்ப்ளேபோர்ட் என்ற வகைக் கேபிள் வழி இணைத்த மானிட்டர் கழற்றி மாட்டப்பட்டதாகவே கணினி எடுத்துக்கொள்வது உண்டு. சாளரங்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்துவிடும். ஒரு நாள் அரட்டைச் சாளரம் அப்படி இடம் மாறி மற்ற சாளரங்களுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு மணி நேரம் பச்சையாக இருந்தும் யாருக்கும் பதில் சொல்லாதவனாக இருந்திருக்கிறேன். விண்டோஸ் 11-இல், எந்த மானிட்டரில் எந்தச் சாளரம் இருந்தது என்று நினைவில் வைக்கும் தேர்வு திரை அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கிய பிறகு அநேகமாக அவை தத்தம் இடத்துக்கே திரும்புகின்றன.

இத்தனைக்குப் பிறகும் வாசிக்கும்போது மட்டும் மஞ்சள் போகவில்லை. கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, ஒரு ஆவணத்தை என் வழக்கமான வேகத்தில் வாசித்தேன். நெட்டுக்குத்தான திரையில் தொண்ணூறு வரிகள் ஒரே பார்வையில் தெரிகின்றன. கடைசி வரிக்கு வந்து பக்கத்தை நகர்த்த மவுஸைத் தொட்டபோது ஆறு நிமிடம் கடந்திருந்தது. வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று திரையைத் திருப்பி வைத்ததே கையைச் சும்மா இருக்க வைத்துவிட்டது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். இப்போது நாற்பது வரிகள்தான் தெரிகின்றன, மூன்று நிமிடத்துக்குள் உருட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல், எந்தப் பொய்யும் இல்லாமல் புள்ளி பச்சையாக நிற்கிறது. மாலையில் கண் எரிச்சலும் குறைந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பயிற்சிக் காணொளி பார்க்கும்போதும், காகிதத்தில் வரைந்து யோசிக்கும்போதும் கை விசையில் படாது. அதற்கு நிலைச் செய்திதான் வழி. டீம்ஸில் 280 எழுத்து வரை எழுதலாம், ஸ்லாக்கில் 100. "காணொளி பார்க்கிறேன், நான்கு மணி வரை. செய்தி அனுப்பினால் பதில் வரும்" என்று எழுதிவிடுகிறேன், முடியும் நேரத்தையும் அதிலேயே குறித்துவிட்டால் பழைய செய்தி தங்கிவிடாது. பல அரட்டைச் செயலிகளுக்கு அடித்தளமான எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில், 2004-இல் வந்த வரையறையிலேயே, 'விலகி இருக்கிறார்' என்பதற்கு ஒரு சொல்லும், 'பேச ஆவலாக இருக்கிறார்' என்பதற்குத் தனியாக இன்னொரு சொல்லும் இருந்தன. கையசைவை மட்டும் எண்ணும் ஒரு புள்ளியால் அந்த இரண்டாவதைச் சொல்ல முடியாது. நாம்தான் எழுத வேண்டும்.

குழுவிலும் பேசி வைத்துக்கொண்டோம்: நிறம் எதுவானாலும் கேள்வியை அனுப்பிவிடுவது, அவசரம் என்றால் அழைப்பது. அன்று காத்திருந்த அந்தப் பெண் இப்போது, "அண்ணா, மஞ்சளாக இருக்கிறது, இருந்தாலும் அனுப்பி வைக்கிறேன்" என்று தொடங்குகிறார். பழைய கேவிஎம் சுவிட்ச் இழுப்பறையில் இருக்கிறது. பெரிய கணினி கிளம்பாமல் நின்றால் ரிமோட் டெஸ்க்டாப் உதவாது, அப்போது அதை மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டுவதற்கு முன்பு லேப்டாப்பில் ஒரு வரி நிலைச் செய்தி எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறேன்.