திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்: தண்ணீருக்கு சபாஷ், உப்புக்கு?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை இங்கே கறாரானது. பல பட்டறைகளின் சாயக் கழிவுநீர் பொது நிலையத்துக்கு வருகிறது. முதலில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் உயிரியல் தொட்டி, அப்புறம் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி; தண்ணீரில் பெரும்பகுதி பட்டறைக்கே திரும்புகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வில்லங்கம் ஆர்.ஓ. ஒதுக்கும் உப்பு மிச்சத்தில். பருத்திக்கு அடர் கறுப்புச் சாயம் ஏற்ற, சாயத் தண்ணீர் லிட்டருக்கு 70 கிராம் வரை உப்பு போவது சகஜம். அது துணியில் தங்காது, கழிவோடு வந்துவிடும். எவாப்பரேட்டரில் (தண்ணீரை ஆவியாக்கும் கருவி) காய்ச்சிக் குளிரவைத்தால் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) படிகமாகும். மறுபடி சாயத்துக்கு ஆகும். கடைசியில் தேறும் கலப்பு உப்புதான் எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. காய்ச்சும் செலவு வேறு. வாங்கும் பிராண்டுகள் அறிக்கையில் பசுமை பேசட்டும், விலையிலும் காட்டலாமே!

பட்டறை பக்கமே உப்பைக் குறைக்க வழியுண்டு: 100 கிலோ துணிக்கு 1:10 நீர் விகிதத்தில் (கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர்) 70 கிலோ உப்பு, 1:6 மெஷினில் 42 கிலோதான்.