கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்ற எது நல்லது: கையா, ட்ராலி ஜாக்கா, கியர்பாக்ஸ் ஜாக்கா, செயின் பிளாக்கா?

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான முன்சக்கர இழுவைக் கார்களில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்குவதில் பெரிய சிக்கல் வராது, எடையே அதைக் கீழே கொண்டுவந்துவிடும். ஏற்றும்போதுதான் கஷ்டம். 30, 40 கிலோ உள்ள அலுமினியப் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு), புதுக் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைனுக்குள் (நீளவாக்குப் பல்வரிசைக்குள்) கோணாமல் நுழைந்து, பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் மணி வடிவ முன்பகுதி) முகம் எஞ்சின் பிளாக்கோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும்.

இதற்குப் பட்டறைகளில் பல வழிகள் உண்டு. அவற்றை ஒப்பிட ஒரு கேள்வி போதும்: கடைசி 1 சென்டிமீட்டரில் பெட்டியின் எடையைத் தாங்குவது எது? பதில் "இன்புட் ஷாஃப்ட்" என்றால் அந்த வழி தவறு. ஃப்ளைவீலுக்கும் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) பிரஷர் பிளேட்டுக்கும் (கிளட்ச் பிளேட்டை அதில் அழுத்தும் தட்டு) நடுவில் இறுகியிருக்கும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி மெல்லிய தகடு. அதில் பெட்டியின் எடை தொங்கினால் தகடு வளைந்துவிடும். பிறகு பெடலை முழுக்க மிதித்தாலும் பிளேட் ஃப்ளைவீலை விட்டுச் சுத்தமாக விலகாது. முதல் அறிகுறி ரிவர்ஸ் கியரில் தெரியும். பெரும்பாலான சின்ன கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) இல்லாததால் போடும்போதே கரகரவென்று சத்தம் வரும். "புது செட் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பல கேஸ்களில் குற்றவாளி ஏற்றிய விதம்தான்.

கையால் ஏற்றுவது

வண்டிக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்க, இன்னொருவர் மேலிருந்து போல்ட் போடுவது தெருவோரப் பட்டறைகளில் இன்றும் சாதாரணம். இதன் பலம் உண்மையானது. உயரம், சாய்வு, சுழற்சி மூன்றையும் கை ஒரே நேரத்தில் சரிசெய்யும், ஸ்பிளைன் பல் பிடிப்பதை விரல் உணரும். ஆனால் ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். தளர்ந்த கணத்தில் பெட்டியின் வால் கீழே தாழ்ந்து, ஷாஃப்ட்டின் முனை பிளேட்டின் நடுப்பகுதியை நெம்பும். நழுவினால் விழுவது நெஞ்சின் மேல். சின்ன 800 சிசி வண்டிக்குக்கூட இதைப் பரிந்துரைக்க முடியாது. பொலிரோ போன்ற நீளவாக்குப் பெட்டிகளுக்கு நினைத்தே பார்க்கக் கூடாது.

ட்ராலி ஜாக்கும் பலகையும்

ட்ராலி ஜாக் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. அதன் வட்டத் தலை சின்னது, பெட்டியின் அடிப்பக்கமோ மேடும் பள்ளமுமானது. அதனால் நடுவில் 2 செ.மீ. தடிமனுள்ள பலகை வேண்டும். பெட்டி ஆடாமல் நிற்க இரு பக்கமும் மர ஆப்பு வைத்து, நாடாவால் ஜாக்கின் கையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பெட்டி ஜாக்கின் மேல் உட்கார்ந்தபடி பம்பருக்கு அடியில் நுழைய ஏறத்தாழ 60 செ.மீ. இடைவெளி தேவை. கார் நிற்பது ஆக்சில் ஸ்டாண்டின் மேல்தான் இருக்க வேண்டும், இன்னொரு ஜாக்கின் மேல் அல்ல.

பலரும் கவனிக்காத குறை வேறு. ட்ராலி ஜாக்கின் கை நேராக மேலே போவதில்லை, வில்போல வளைந்து உயர்கிறது. வழுவழுப்பான சிமென்ட் தரையில் ஜாக்கின் சக்கரம் உருண்டு அந்த வளைவை ஈடுகட்டும். மண் தரையில் சக்கரம் உருளாது. அப்போது ஒவ்வொரு பம்புக்கும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுபடும். "எவ்வளவு தூக்கினாலும் நேருக்கு வரமாட்டேங்குது" என்று சொல்வதற்குப் பாதி காரணம் இதுதான். அடியில் ஒரு இரும்புத் தகடோ கெட்டியான பிளைவுட்டோ போட்டால் தீர்ந்துவிடும்.

கியர்பாக்ஸ் ஜாக்

லிஃப்ட்டில் ஏற்றிய காருக்கு அடியில் நிற்கும் உயரமான டெலஸ்கோப் ஜாக் நேராக உயரும். தொட்டில் போன்ற தலையை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்க ஸ்க்ரூ இருக்கும் வகையை வாங்குவது நல்லது. சாய்க்கும் வசதியில்லாத மலிவு வகை, நீளமான ட்ராலி ஜாக்கைவிட மேலானதல்ல. மாதத்தில் நாலைந்து கிளட்ச் வேலை வரும் பட்டறைக்கு இது கட்டாயம் தேவை. லிஃப்ட் இல்லாமல் பிட் (தரையில் தோண்டிய வேலைப் பள்ளம்) மட்டும் உள்ள இடத்தில், வாங்கும் முன் ஜாக்கின் குறைந்தபட்ச உயரத்தைப் பிட்டின் ஆழத்தோடு அளந்து பாருங்கள்.

மேலிருந்து செயின் பிளாக்

பேட்டரியையும் ட்ரேயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்துவிட்டால், குறுக்கு எஞ்சின் கார்களில் கியர்பாக்ஸுக்கு மேலே நல்ல இடம் கிடைக்கும். இரண்டு இடத்தில் நைலான் பட்டை போட்டு, ஒரு பட்டையைக் கூட்டிக் குறைத்தால் சாய்வு கட்டுக்குள் வரும். தொங்கும் பெட்டியைச் சுண்டுவிரலால் தள்ளித் திருப்பலாம் என்பது மற்ற எந்த வழியிலும் கிடைக்காத சுகம். கொக்கி பெட்டிக்கு நேர் மேலே இல்லாவிட்டால் ஊசலாடும், அது ஒன்றுதான் தொல்லை. நீளவாக்கு எஞ்சின் வண்டிகளுக்கு இந்த வழி உதவாது. அங்கே பெட்டி உடம்புத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது.

எஞ்சினையும் சேர்த்து இறக்கித் தரையில் பொருத்துவது ஐந்தாவது வழி. பொருத்துவது எளிது, ஆனால் கூலன்ட், எரிபொருள், வயரிங் எல்லாம் கழற்ற வேண்டும். கிளட்ச்சுக்காக மட்டும் இதில் இறங்குவது வீண் வேலை.

எஞ்சினின் சாய்வையும் பாருங்கள்

கியர்பாக்ஸ் பக்க மவுண்ட் கழன்ற பிறகு எஞ்சின் அந்தப் பக்கம் சரியும். சரிந்த எஞ்சினுக்கு நேரான பெட்டி பொருந்தாது. எஞ்சினை மேலிருந்து தூக்கிப் பிடிக்க, ஃபெண்டர் விளிம்புகளில் உட்காரும் சப்போர்ட் பார் இருந்தால் அதுவே முதல் தேர்வு. சம்ப்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) அடியில் ஜாக் வைப்பவர்கள் அகலமான பலகை வைக்க வேண்டும். தகட்டுச் சம்ப் உள்வாங்கினால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சினையே பதம் பார்த்துவிடும். அலுமினியச் சம்ப் என்றால் விரிசல் விடும்.

பிளேட்டை நடுவில் நிறுத்துவது

கண்ணால் பார்த்து, விரலால் விளிம்பைத் தடவி நடுவில் நிறுத்துபவர்கள் உண்டு. ஃப்ளைவீல் நடுவில் பைலட் பேரிங் (ஷாஃப்ட் முனையைத் தாங்கும் சின்ன பேரிங்) உள்ள எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஷாஃப்ட் முனை அதில் நுழையாது. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் டம்மி ஷாஃப்ட் போதும், ஆனால் பிரஷர் பிளேட் போல்ட் முழுக்க இறுகும்வரை அது தாழாமல் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கழிவுக் கடையில் கிடைத்தால் அதுவே உத்தமம். ஸ்பிளைனும் முனை விட்டமும் அச்சாகப் பொருந்தும். பைலட் பேரிங் இல்லாத எஞ்சின்களுக்கு, பிளேட்டைப் பிரஷர் பிளேட்டோடு கவ்விப் பிடிக்கும் கூம்பு வகை டூல்தான் சரி.

பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருந்தால் அதன்படியே வையுங்கள். ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸை நோக்கி வரும். மாற்றிப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும், கிளட்ச் விடாது. பிரஷர் பிளேட்டின் 8 எம்எம் போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றி, 20 முதல் 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்துவது வழக்கம். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

ஸ்பிளைனுக்கு கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். பிளேட்டை ஷாஃப்ட்டில் ஒருமுறை முன்பின்னாகச் சறுக்கிப் பார்த்து, விளிம்பில் பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். மிச்சமிருந்தால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் (பிளேட்டின் உராய்வுப் பரப்பில்) படும், புதுக் கிளட்ச் நழுவும்.

போல்ட்டால் இழுப்பதா, கைடு ஸ்டட்டா?

இதில்தான் வேலை நிற்பதும் கெடுவதும். முகம் 10, 15 எம்எம் விலகி நிற்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்துவிடும் பழக்கம் பெல் ஹவுசிங்கின் காதை உடைக்கும், அல்லது பிளேட்டை வளைக்கும். போல்ட் இறுக்கத்தான், இழுக்க அல்ல.

பதிலாக, பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே மரை உள்ள 100 எம்எம் நீள போல்ட் இரண்டு வாங்கித் தலையை அறுத்துவிடுங்கள். முனையில் ஹேக்ஸாவால் ஸ்க்ரூடிரைவர் காடி வெட்டிக்கொள்ளலாம். ஜப்பானிய வண்டிகளில் 10 எம்எம்முக்கும் 12 எம்எம்முக்கும் பெரும்பாலும் 1.25 பிட்ச் (மரை இடைவெளி) வரும், வாங்கும் முன் பழைய போல்ட்டோடு வைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலையில் இவற்றைக் கையால் முடுக்கிவிட்டு, பெட்டியை அதன்மேல் சறுக்கிக் கொண்டுபோனால் எடை ஸ்டட்டில் நிற்கும், ஷாஃப்ட்டில் நிற்காது. கைடு ஸ்டட் போட்ட ட்ராலி ஜாக், ஸ்டட் இல்லாத விலையுயர்ந்த கியர்பாக்ஸ் ஜாக்கைவிட நன்றாக வேலை செய்யும்.

உள்ளே போகாமல் நின்றால்

முதலில் சுற்றிலும் இடைவெளியைப் பாருங்கள். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் சாய்வு பிசகு. எங்கும் சமமாக நின்றால் ஸ்பிளைன் பல் பல்லோடு முட்டுகிறது. அப்போது பெட்டியை ஐந்தாம் கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டு) துளை வழியாகத் திருப்புவது வழக்கம். இரண்டு ஷாஃப்ட்டும் கழன்றிருந்தால் ஒரு பக்கத்தைத் திருப்ப மறு பக்கம் எதிராகச் சுழலும், இன்புட் ஷாஃப்ட் அசையாது. இரு பக்கமும் சேர்த்துத் திருப்ப வேண்டும். கியரில் வைத்தபடி ஸ்பானரால் கிராங்க் புல்லியைச் சிறிதளவு சுழற்றுவது இன்னும் எளிது. அதே சமயம் பெட்டியை மெல்ல ஆட்டிக் கொடுத்தால் "டக்" என்று உட்காரும்.

கடைசி 5 எம்எம்மில் நின்றால் ஒட்ட வேண்டிய முகத்தைச் சுற்றிலும் பாருங்கள். எர்த் வயரோ வயரிங் கிளிப்போ நடுவில் மாட்டியிருக்கும், அல்லது எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் பின்தகடு மடங்கியிருக்கும். பெட்டியை எஞ்சினோடு நேராக நிறுத்தும் குழாய் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதை ஏற்றும் முன்பே பார்த்துவிடுவது உத்தமம். டவல் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் பெட்டி இம்மி விலகி உட்காரும். ஆரம்பத்தில் ஓடும். பிறகு கிளட்ச் அதிரும், ஸ்பிளைன் சீக்கிரம் தேயும்.

ரிலீஸ் ஃபோர்க் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் நெம்பி) அதன் குண்டுமுனையிலிருந்து நழுவாமல் இருக்க, ஏற்றும்போது அதைக் கம்பியால் கட்டி வையுங்கள். முகம் ஒட்டியதும் ஜாக்கை எடுக்கும் முன் கட்டை அவிழ்த்து ஃபோர்க்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் லூஸாக ஆடி, பிறகு ஸ்பிரிங்கில் தட்ட வேண்டும். ஒன்றுமே அசையாவிட்டால் அப்போதே இறக்குவது மலிவு. ஹவுசிங்குக்குள்ளேயே ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டர்) உள்ள வண்டிகளில் ஏற்றும் முன் பெடலை மிதிக்கவே கூடாது, பிஸ்டன் தெறித்துவிடும்.

டிரைவ் ஷாஃப்ட்டைச் செலுத்தும்போது ஆயில் சீலின் உதட்டை ஸ்பிளைன் கீறாமல், ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். கிளிப் விழும் சத்தம் கேட்டதும் இழுத்துப் பார்க்கவும். கடைசியாக கியர் ஆயில். இந்த அளவு கார்களுக்குப் பெரும்பாலும் 2 லிட்டரை ஒட்டித் தேவைப்படும். லெவல் பிளக் துளையில் வழியும்வரை ஊற்றி, கார் சமதளத்தில் நிற்கும்போது பிளக்கை மூடுங்கள். ஆயில் ஊற்றும் முன் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம்.