எட்டு வருஷ ஆலிவ் அனுபவம்: குளவி எதற்குப் போதும், எதற்குப் போதாது

கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இந்த வீட்டுக்கு வந்தபோதே பின்பக்கம் மூன்று ஆலிவ் மரங்கள் இருந்தன. இரண்டு மிஷன் ரகம், ஒன்று மன்சனியோ ரகம். 2017 முதல் 2024 வரை எட்டு அறுவடை பார்த்தாயிற்று. மருந்து அடிக்காமல் சமாளிக்க முடியுமா என்று இங்கே ஆலிவ் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். செதில் பூச்சிக்கு முடியும், குளவியே பார்த்துக்கொள்ளும். பழ ஈக்குக் குளவியை நம்பி உட்கார்ந்தால் ஊறுகாய்க்குக் காய் மிஞ்சாது.

முதலில் செதில் பூச்சி. முதல் வருஷம் இலையெல்லாம் கரி பூசியது போல இருந்தது, மரத்தடி சிமெண்டில் நடந்தால் செருப்பு ஒட்டியது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் மிளகு மாதிரி கறுப்பாகக் குமிழ்கள், முதுகில் ஆங்கில எச் எழுத்து போல ஒரு மேடு. இது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழிக்கிறது, அதில்தான் கரும்பூசணம் வளர்கிறது, அந்த இனிப்புக்காகவே எறும்பும் வரிசையாக ஏறுகிறது. ஒரு கடையில் கேட்டு, எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து ஒன்றை இரண்டு தடவை அடித்தேன். அடுத்த வருஷம் இன்னும் மோசம்! அப்புறம் தேடிப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. இந்தப் பூச்சியை அடக்குவதற்காகவே 1937-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மெட்டாஃபைகஸ் ஹெல்வோலஸ் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இளம் செதில் பூச்சிக்குள் அது முட்டை வைக்கும், பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும், குளவி தானும் சிலவற்றைக் குத்திச் சாற்றைக் குடிக்கும். என் மருந்து முதலில் கொன்றது அந்தக் குளவியைத்தான்.

மருந்தை நிறுத்தினேன். உள்கிளைகளைக் கவாத்து செய்து வெயில் உள்ளே விழும்படி விட்டேன், வெயில் சூட்டில் குஞ்சுப் பூச்சிகள் நிறையச் செத்துப்போகும். மூன்றாவது வேலைதான் முக்கியம்: அடிமரத்தில் பட்டையாக டேப் சுற்றி அதன்மேல் பிசின் தடவி எறும்பைத் தடுத்தேன். இனிப்பைக் காக்க எறும்பு குளவியை விரட்டும், எறும்பு ஏறும் வரை எந்தக் குளவியும் நிம்மதியாக வேலை செய்யாது. தரையைத் தொடும் கிளை, வேலியில் உரசும் கிளை இருந்தால் எறும்புக்கு அதுவே பாலம், அதையும் வெட்டிவிடுங்கள். மருந்தை நிறுத்திய பிறகு இரண்டாவது கோடையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், செதில்களின் முதுகில் குளவி வெளியேறிய வட்ட ஓட்டைகள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதற்குப் பிறகு செதில் பூச்சிக்காக எதுவுமே அடிக்கவில்லை.

பழ ஈ வேறு கதை. கலிபோர்னியாவில் இதை 1998-இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், சில வருஷத்தில் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. காய்க்குள் கொட்டை இறுகும் சமயத்தில் ஈ தோலைக் குத்தி முட்டை வைக்கும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே புழு சதையைக் குடையும். முதல் அறுவடையின்போது அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். கசப்பு போக வாரக்கணக்கில் உப்புத் தண்ணீர் மாற்றி, மாவடு போடுவது போலவே ஜாடியில் போட்டார். திறந்து பார்த்தால் காய் குழைந்து, மேலே புழு மிதந்தது. எண்ணெய் ஆட்டுபவர்கள் கொஞ்சம் புழுவைப் பொறுத்துக்கொள்ளலாம், முழுக்காயாகச் சாப்பிடுகிற நம்மால் முடியாது.

இந்த ஈக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து குளவி கொண்டுவந்தார்கள். கென்யாவில் கிடைத்த சிட்டாலியா லௌன்ஸ்பரி கடற்கரைப் பக்கம் சில இடங்களில் நிலைத்தும்விட்டது. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டு ஆலிவ் சின்னது, சதை மெல்லிசு. நம் தோட்டத்துக் காய் பெரிசு, புழு ஆழத்துக்குப் போய்விட்டால் குளவியின் முட்டையிடும் ஊசி எட்டாது. வருஷா வருஷம் காயைப் பிளந்து பார்க்கிறேன், என் மரத்தில் இந்தக் குளவி இருந்ததற்கான அடையாளம் இதுவரை கிடைக்கவில்லை.

அதனால் பாட்டில் பொறி. ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தோள்பக்கம் 5 மில்லிமீட்டரில் சில ஓட்டைகள், உள்ளே ஒரு லிட்டர் தண்ணீரில் ஈயை வாசனையால் இழுக்கும் டாரூலா ஈஸ்ட் மாத்திரை மூன்று நான்கு, நிழல் பக்கம் தொங்கவிட வேண்டியதுதான். நாற்றம் அடிக்கும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், தேனீ உள்ளே போய்விடும். கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் ஒன்றிரண்டு விழுந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவையும் கெட்ட பூச்சிகளைத் தின்று நமக்கு வேலை செய்பவை.

பொறி மட்டும் போதவில்லை. பெரிய காய் காய்க்கும் மன்சனியோவுக்கு ஜூன் கடைசியிலிருந்து கயோலின் களிமண் தெளிக்கிறேன், காயெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும், ஈ உட்காரத் தயங்குகிறது. ஒரு வருஷம் மூன்று மரத்துக்கும் தெளித்தேன், செதில் பூச்சி திரும்ப எட்டிப் பார்த்தது. தூசி குளவிக்கு ஆகாது. இப்போது மிஷன் மரங்களில் தெளிப்பதே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது துப்புரவு. மரத்தில் தங்கிப்போன பழைய காயில்தான் வசந்தத்தில் ஈ மறுபடி பெருகுகிறது. டிசம்பருக்குள் வேண்டாத காயையும் பறித்து, விழுந்ததையும் பொறுக்கி, பையில் கட்டி வெளியேற்றிவிடுவேன். பக்கத்து வீட்டில் அழகுக்கு வைத்த ஆலிவ் ஒன்று, யாரும் பறிப்பதில்லை. கேட்டேன், சரி என்றார்கள், 2020 முதல் அதையும் நானே பறிக்கிறேன். அந்த வருஷத்திலிருந்துதான் புழுக் காய் சட்டென்று குறைந்தது. 2024-இல் மிஷனில் பத்துக் காய்க்கு ஒன்று போலத்தான் கழித்தேன், மன்சனியோவில் பத்துக்கு இரண்டு. மார்ச் முதல் வாரமே பொறி தொங்க வேண்டும், மே மாதம் வரை தள்ளிப்போட்ட வருஷம் மன்சனியோவில் பாதிக்குமேல் போய்விட்டது.